முகம் மட்டும் போன படம்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் ஊரே குதூகலப்படும். எனக்கு மட்டும் கவலை ஏறும். பழைய பொருள்களுக்குச் சாரல் ஆகாது. மரம் ஊதும், தோல் பூத்துப்போகும், காகிதம் நமுத்துவிடும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்னக் காட்சிக்கூடத்தில் அவற்றைக் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். சென்னையில் பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, முழங்கால் தேய்ந்த பிறகு சொந்த ஊர்ப் பக்கமே போய்விடலாம் என்று வந்தவள் நான். குத்துக்கல்வலசையில் வீடு. போகவர பஸ். சீசன் வந்துவிட்டால் அந்த பஸ்ஸிலும் நிற்க இடம் கிடையாது. யாராவது ஈரத் துண்டோடு என் தோளில் சாய்ந்துகொண்டு வருவார்கள்.

காட்சிக்கூடத்துக்குள் வருகிறவர்களும் அப்படித்தான். பொருள்களைப் பார்க்க வருவது கால்வாசிப் பேர். மற்றவர்கள் மழைக்கு ஒதுங்க வருகிறவர்கள். தலை நிறைய எண்ணெய், உடம்பெல்லாம் அருவித் தண்ணீர், அப்படியே கண்ணாடிப் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு, “இதுல என்னல இருக்கு, ஒண்ணுமில்ல” என்பார்கள். நான் துணியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவேன். ஈரத்தை உறிஞ்சுகிற எந்திரம் ஒன்று இருக்கிறது. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். அதனால் ஈரம் குடிக்கும் நீலக் குருணைகளைப் பெட்டிகளுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். சாரலில் அவை ஒரே நாளில் வெளுத்துவிடும். எடுத்து அடுப்பில் சூடாக்கி மறுபடியும் போட வேண்டும். வாசலில் இருக்கும் காவல்கார அண்ணாச்சி தினமும் கேட்பார், “என்ன மேடம், இன்னைக்கும் வறுவல்தானா?” எரிச்சலாக வரும். ஆனாலும் சிரித்து வைப்பேன், வேறு யார் இருக்கிறார்கள் என்னோடு பேச.

போன வருடம் எங்களுக்கு வந்து சேர்ந்தவை கண்ணாடி நெகட்டிவ்கள். பிலிம் வருவதற்கு முன்னால் போட்டோக்களை மருந்து பூசிய கண்ணாடித் தட்டில்தான் எடுப்பார்கள். பிலிம் வந்த பிறகும் சின்ன ஊர் ஸ்டூடியோக்களில் அது கொஞ்ச காலம் ஓடியது. தென்காசியில் அப்படி ஒரு ஸ்டூடியோ மூடி, வாரிசுகள் வீட்டை இடிக்கும்போது, பரணிலிருந்த மரப்பெட்டிகளை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற பூஞ்சை வாடை. ஓடு ஒழுகி, தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. கண்ணாடி மேலே இருக்கும் மருந்து வேறொன்றுமில்லை, எலும்பிலும் தோலிலும் காய்ச்சி எடுத்த பசைதான். அதற்குள் வெள்ளித் துகள் படமாக நிற்கும். பூஞ்சைக்கு அந்தப் பசை பந்திச் சாப்பாடு.

அந்தப் பெட்டிகளோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஆடி மாதத்தில்தான் அந்த அம்மாள் வந்தார்.

நல்ல மழை. வாசலில் குடையைச் சுருக்காமல் நின்றார். நானும் ஒதுங்க வந்த ஆள் என்று நினைத்து, “ஈரத்தோட உள்ள வராதீங்க, அங்கனயே நில்லுங்க” என்று சத்தம் போட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, “போட்டோ விசயமா வந்தேன் மேடம். கீழப்பாவூர்ப் பக்கத்துலேருந்து வாரேன்” என்றார். வயது அறுபதைத் தொட்டிருக்கும். பையிலிருந்து ஒரு பழைய படச்சட்டத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். அப்போதுதான் கையைப் பார்த்தேன். விரல்களில் வெண்புள்ளி. உதட்டோரத்திலும் இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

“ஒட்டாது மேடம்” என்றார்.

“தெரியும்க்கா. உக்காருங்க” என்றேன். சத்தம் போட்டது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சட்டத்துக்குள் ராணுவ உடுப்பில் ஓர் ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் அருவி வரைந்த திரை. பூட்ஸ் பளபளவென்று இருந்தது. மடியில் தொப்பி, நாற்காலிக் கையில் ஊன்றிய இடது கை, ஒவ்வொரு பித்தானும் தெரிந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளைக் காகிதம், அங்கங்கே பிய்ந்திருந்தது.

அவருடைய அப்பாவாம். லீவில் வந்து கல்யாணம் முடித்து, லீவு முடிந்து போனவர் திரும்பி வரவில்லை. இவர் அப்போது அம்மா வயிற்றில். அப்பா என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் இந்தப் படம்தான். அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படத்தின் கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்து, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பாராம். அது ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை. கேட்கும்போதே எனக்குக் கதை விளங்கிவிட்டது. இங்கே எல்லா வீட்டுப் படத்துக்கும் நடப்பதுதான். போட்டோவைக் கண்ணாடியோடு அழுத்தித்தான் சட்டம் போடுவார்கள். துடைக்கிற ஈரம் ஓரமாக உள்ளே இறங்கும். சாரல் ஈரமும் சேரும். போட்டோவின் பசை ஊறிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அதுவும் பொட்டு வைக்கிற இடத்தில்தான் ஈரம் அதிகம்.

“போன வருசம் எங்கம்மயும் போயிட்டா. வருசத் திதி வருது. ரெண்டு பேரையும் ஒரே படமாப் போட்டு மாட்டணும்லா? அதுக்குத்தான் சட்டத்தக் கழத்துனேன். போட்டோவ இழுத்தா முகம் கண்ணாடியோடயே வந்துட்டு. நான் அது பொட்டுக் கறைன்னு நெனச்சி...” அவர் நிறுத்தினார். “சோப்புத் தண்ணியில போட்டுத் தேச்சிட்டேன் மேடம். நானே எங்கப்பா மொகத்தக் கழுவி ஊத்திட்டேன்.”

கண்ணாடியோடு கொண்டுவந்திருந்தால் எப்படியாவது மீட்டிருப்பேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“படத்துக்குப் பின்னால தென்காசி ஸ்டூடியோ முத்திர இருக்கு. அந்தப் பெட்டியெல்லாம் இங்கன இருக்குன்னு சொன்னாவ. அதுல எங்கப்பா இருப்பாவளா?”

அறக்கட்டளை வேலையை விட்டுவிட்டு வெளியாட்களுக்குப் படம் தேடிக் கொடுப்பது என் வேலை இல்லை. அதைச் சொல்லவும் செய்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அப்படிச் சட்டென்று எழுந்து போகிறவர்களிடம்தான் நான் மாட்டிக்கொள்வேன். “படத்த வச்சிட்டுப் போங்க, பாக்கேன்” என்றேன். போன பிறகு என்னையே திட்டிக்கொண்டேன். இருக்கிற வேலைக்கே ஆளைக் காணோம், இதில் ஊர் வேலை வேறு.

அதன் பிறகு அவர் அடிக்கடி வந்தார். வேலைக்கு இடைஞ்சல் செய்யமாட்டார். ஓரமாக உட்கார்ந்திருப்பார். கையுறை போட்டுக்கொண்டு பெட்டியில் ஒட்டிய செத்தையைத் தட்டச் சொன்னால் தட்டுவார். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் தன் கையைப் பற்றிப் பேசினார். பத்து வயதில் வந்ததாம். அப்பாவின் தங்கை, அவருக்கு அத்தை, அந்த வீட்டிலேயே இருப்பவர். “ஒங்காத்தா வழிச் சீக்கு எங்க வீட்டுக்கு வந்துட்டு” என்று அத்தை சொன்ன சொல் ஊர் முழுக்கப் பரவி, இவர் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் இரண்டாம் தாரமாக ஓர் இடத்தில் முடிந்ததாம்.

“ஒங்கம்மா ஒண்ணும் சொல்லலயா?”

“அவ எதுக்குமே வாயத் தொறக்க மாட்டா மேடம். கொல்லையில போயி பாத்திரத்த வெளக்குவா. நானுமே ஒரு நாள் கேட்டுட்டேன், ‘எனக்கு ஏம்மா இதக் குடுத்த’ன்னு. அதுக்கும் அவ வெளக்கிக்கிட்டுத்தான் இருந்தா.”

அவர் மகன் போலீஸ். சிவகிரியில் டூட்டி. ஒரு நாள் அவன் செல்போனில் ஒரு படத்தை அனுப்பியிருந்தான். கம்ப்யூட்டர் தாத்தாவுக்கு முகம் செய்து கொடுத்திருந்தது. எடுப்பான தாடை, ஏறிட்ட புருவம், சினிமாவில் வருகிற இன்ஸ்பெக்டரே தோற்றுப்போவான். “நல்லாத்தான இருக்குங்கான்” என்று என்னிடம் காட்டினார். “நல்லாத்தான் இருக்கு. யாரு இவன்? எவன் மொகத்தயோ மாட்டி வச்சி, நான் அதுக்குப் பொட்டு வைக்கவா?” அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம்.

ஆவணி பாதியில் தட்டு கிடைத்தது. அருவித் திரை, பூட்ஸ், மடியில் தொப்பி, அதே இடது கை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சே என்று ஆகிவிட்டது. உடுப்பெல்லாம் இருந்தது. முகத்தில் மட்டும் பூஞ்சை வேர்விட்டு, கன்னத்தையும் வாயையும் தாடையையும் தின்று தீர்த்திருந்தது. மற்ற இடமெல்லாம் விட்டுவிட்டு இந்தச் சனியன் ஏன் முகத்தில் போய் விழுந்தது என்று எனக்கு ஆத்திரம். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பூஞ்சை வருவதற்கு முன்பே அந்த இடத்தில் கத்தி பட்டிருந்தது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் முகத்தைத் திருத்துவார்கள். பிரிண்டில் விழும் கறுப்பைக் குறைக்க நெகட்டிவில் பென்சிலால் தீட்டுவார்கள், வெள்ளையைக் குறைக்கச் சின்னக் கத்தியால் பசையைச் சுரண்டுவார்கள். இந்த முகத்தில் வாயோரத்திலிருந்து தாடை வழியாகக் கழுத்துப் பட்டைவரை சுரண்டியிருந்தது. மேல்தோல் கிழிந்த இடத்தில் பூஞ்சை சுலபமாக உள்ளே போய்விட்டது.

சுரண்டியது எதை என்று நான் அப்போது யோசிக்கவே இல்லை. அலுப்பு. முகம் இல்லை என்று அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது என்பது ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது.

சொன்னேன். அழவில்லை. “பாக்க குடுத்து வைக்கல, விடுங்க” என்றார். தட்டைக் காட்டச் சொன்னார். வெளிச்சப் பெட்டி மேல் வைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தவர், “தொப்பி ரெண்டாத் தெரியுதே மேடம்?” என்றார்.

நானும் பார்த்திருந்தேன். ஆள் அசைந்துவிட்டார் போல என்று விட்டுவிட்டேன். ஆள் அசையலாம், மடியில் கிடக்கிற தொப்பி மட்டும் தனியாக ஏன் அசைய வேண்டும்? விளிம்பைத் தடவினேன். கண்ணாடி கனமாக இருந்தது. இரண்டு தட்டு. ஒன்றின் முதுகில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. ஸ்டூடியோவில் ஒரே ஆளை இரண்டு முறை எடுத்து, நன்றாக வந்ததைத் திருத்திப் பிரிண்ட் போடுவார்கள். மற்றது அப்படியே கிடக்கும். அடித் தட்டின் பசையை மேல்தட்டின் கண்ணாடி மூடியிருந்ததால் அதன் நடுவில் பூஞ்சை போக வழியில்லை. மேலே கறுத்துக் கிடந்த பூஞ்சைதான் கீழே இருந்த முகத்தை மறைத்திருக்க வேண்டும்.

பிரிக்க வேண்டும். அதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது. ஈரத்தை அளந்து கொடுத்து ஓரத்துப் பசையை இளக்க வேண்டும், கூடிவிட்டால் படம் கரைந்துவிடும். பிறகு குளிரவைத்து, மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டை இடுக்கில் விட்டு நகக்கண் அளவு நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடி உடையும். நின்று நின்று என் முழங்கால் வீங்கியது. வலிக்கும்போதெல்லாம், எனக்கென்ன வந்தது, யாரோ பெற்ற அப்பா என்று தோன்றும். ஆனாலும் விடிந்தால் அதே மேசைக்குத்தான் போய் நிற்பேன். திதி நெருங்கிக்கொண்டிருந்தது.

பிரிந்தது. பக்குவமாகக் கழுவி, ஸ்கேன் செய்து திரையில் நேர்ப்படமாக மாற்றினேன். அந்த அம்மாள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

முகம் முழுசாக இருந்தது. இருபது சொச்சம் வயதுப் பையன். மீசை சரியாகக்கூட வளரவில்லை. காமிராவைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். வாயோரத்தில் ஆரம்பித்து, தாடையில் விரிந்து, கழுத்துப் பட்டைக்குள் இறங்கியது ஒரு வெள்ளை. அந்தக் காலத்துத் தட்டு மாநிறத் தோலை இன்னும் கறுப்பாகக் காட்டும். அதனால் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. நான் உடனே பெரிதாக்கிப் பார்த்தேன். பூஞ்சை என்றால் வேர்போலக் கிளைவிட்டு, முகத்தையும் தாண்டித் திரைக்குப் போகும். இது தோலோடு நின்றது. முதல் தட்டில் சுரண்டியிருந்ததும் இதே இடம்தான்.

அவர் திரைக்குக் கிட்ட வந்து குனிந்தார். தன் உதட்டோரத்தை விரலால் தொட்டுக்கொண்டு நின்றார்.

“எங்கப்பாவுக்கா?” என்றார். பிறகு, “எங்கம்மய என்ன பேச்சுப் பேசுனாவ மேடம். என்ன பேச்சு. நானும்லா பேசுனேன்” என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காவல்கார அண்ணாச்சி டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். டீயைக் குடித்த பிறகு அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். “அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. லீவுல வந்து கட்டிட்டுப் போனாவ. புதுப்பொண்ணு, நிமிந்து பாத்திருக்கவே மாட்டா. வீட்டுல இருந்த படத்துலயும் இது இல்லல்லா. தெரிஞ்சா சொல்லாமலா இருப்பா?”

நான் ஆமாம் என்றேன்.

மகன் போனில் கூப்பிட்டு, அந்த வெள்ளையைக் கம்ப்யூட்டரில் அழித்துக் கொடுக்கச் சொன்னான். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறதாம், வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்களாம். அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒருக்கா அழிச்சது போதும் மேடம். நீங்க தொடாதீங்க.” நான் தொடவில்லை, அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

திதி அன்று காலை பத்து மணி வாக்கில் போன் வந்தது. நான் அடுப்படியில் நீலக் குருணையைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

“மேடம், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எங்கத்த இங்கன இருக்காவ. படத்தப் பாத்துட்டு இது பூஞ்சைங்காவ. நீங்க சரியாக் கழுவலயாம். நீங்களே சொல்லுங்க.”

பின்னால் யாரோ காகத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழட்டுக் குரல், ஆனால் அதட்டுகிற குரல், “எங்கண்ணன் மொகம் நெலா மாரி இருக்கும். அந்தப் பொம்பளைக்கு ஒழுங்காக் கழுவத் தெரியல” என்றது.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. முழங்கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை.

“ஆச்சி, நான்தான் கழுவுனேன். நல்லாத்தான் கழுவுனேன். அது பூஞ்சை இல்ல, ஒங்க அண்ணன் தோலு. இன்னொரு தட்டு இருக்கு, ஒங்க வீட்டுல மாட்டியிருந்தது அதுலேருந்துதான். அதுல இதே இடத்தக் கத்தி வச்சிச் சுரண்டியிருக்காவ. ஸ்டூடியோக்காரன் தானா சுரண்டமாட்டான் ஆச்சி. வீட்டுலேருந்து யாராவது சொல்லியிருக்கணும்.”

போனை வைத்துவிட்டார்களோ என்று பார்த்தேன். இல்லை, காகத்தைக் கூப்பிடுவது கேட்டது.

“விடுங்க அத்த” என்றார் அந்த அம்மாள். குரல் தணிந்திருந்தது. “ஒங்கள ஒண்ணும் கேக்கல. எங்கம்மைக்கு இது தெரியாமலே போயிட்டுன்னு அழுகேன், அவ்வளவுதான்.”

“அவளுக்குத் தெரியும்ட்டீ” என்றது கிழட்டுக் குரல். அதட்டல் போய்விட்டிருந்தது. “பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே அவன் சொல்லிட்டான். நாங்கதான், யாருகிட்டயும் சொல்லிரக் கூடாதுன்னு அவ கையில சூடத்த ஏத்திச் சத்தியம் வாங்குனோம்.”

அடுப்பை அணைத்தேன். போனை வைத்துவிடலாமா என்று தெரியவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அது அந்த அம்மாளுடையதா, அத்தையுடையதா தெரியவில்லை.

“அவ போயி ஒரு வருசம் ஆச்சு அத்த” என்றார். “இப்பச் சொல்லுதிய.”